டிரம்மில் மிதந்த ஸ்தோத்திரங்கள்: அம்மாக்கள் கேட்ட கேள்விகள், என் பதில்கள்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், "பிள்ளை வளர்ப்பில் நன்றியுள்ள இருதயம்" என்று தலைப்பைக் கொடுத்து, என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஊழியக்காரர் யாரும் கிடைக்காத மாதம் போலிருக்கிறது. நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள், அவ்வளவுதான். வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. ஒன்பது வயதில் மகன், நாலு வயதில் மகள், கூடவே மாமியார். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. ஷிப்டு மாறி மாறி வரும்.

பத்து நிமிஷம் பேசினேன். அப்புறம் டீயும் சமோசாவும் ஆறிப்போகிற வரைக்கும் கேள்விகள். வீட்டுக்கு வந்த பிறகும் போனில் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

காலை ஏழரைக்கு வீடு ரணகளம். அந்த நேரத்தில் நன்றி எங்கிருந்து வரும், அக்கா?

வராது. அப்போது அதைத் தேடவும் வேண்டாம்.

எங்கள் தெருமுனையில் ஸ்கூல் வேன் ஏழு நாற்பதுக்கு ஹாரன் அடிக்கும். ஏழு முப்பத்தைந்துக்கு மகனுக்கு ஒரு சாக்ஸ்தான் கிடைத்திருக்கும். இன்னொன்று எங்கே என்றால், "நேத்தும் ஒண்ணுதாம்மா இருந்துச்சு" என்பான். சின்னவள் நாஷ்டாவுக்கு உட்கார்ந்து, சாம்பாரை இட்லிமேல் ஊற்றச் சொல்லி அழுவாள். ஊற்றினால், ஏன் ஊற்றினாய் என்று அழுவாள். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் மலர்ந்த முகத்தோடு "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்கிறார் என்றால், ஒன்று அவர் பரிசுத்தவான், இல்லாவிட்டால் அவர் வீட்டில் சாக்ஸ் தேடுவது வேறு யாரோ.

103ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." சங்கீதக்காரன் தன் ஆத்துமாவிடமே பேசுகிறான். மறந்துபோகும் என்று தெரிந்ததால்தான் 'மறவாதே' என்கிறான். அப்படியானால் இது பெரும்பாலும் நினைவு சம்பந்தப்பட்ட வேலை. நடந்து முடிந்த பிறகு உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற வேலை. வேன் போனதும் ஆறிப்போன டீயைச் சுடவைக்கிற இரண்டு நிமிஷம்தான் எனக்கு அதற்கு வாய்க்கிறது.

அந்த நேரத்தில் ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்வேன். "சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொன்னால் என் மனசு அதில் ஒட்டுவதில்லை. "இன்று வேனில் ஏறும்போது திரும்பி டாட்டா காட்டினான், அதற்கு ஸ்தோத்திரம்" என்றால் ஒட்டுகிறது. ஏழரை மணிக்கு என்னால் செய்ய முடிவது வாயைக் கட்டுவது மட்டும். அதிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் தேறுகிறது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று இருக்கிறதே. மாவுக் குண்டானைக் கவிழ்த்ததற்குமா?

1 தெசலோனிக்கேயர் 5:18. எங்கள் சமையலறையில் இதை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதற்கு நேர் கீழேதான் கிரைண்டர்.

வசனம் 'எல்லாவற்றிலேயும்' என்கிறது. மூலக் கிரேக்கத்திலும் அதே பொருள்தான்: எந்த நிலைமையானாலும் அதற்குள் இருந்துகொண்டு. மாவைத் தரையெல்லாம் இழுத்து விட்டிருக்கிறாள், துடைக்கத் துடைக்க இன்னும் பரவுகிறது, நாளைக்கு இட்லி கிடையாது. அங்கே உட்கார்ந்து துணியைப் பிழிந்துகொண்டே ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லலாம். அந்த ஒன்று கொட்டிய மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு அம்மா விடவில்லை. "எபேசியர் 5:20-இல் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறதே?" என்றார். இருக்கிறது. அவர் சொன்ன பிறகு அந்த அதிகாரத்தை வீட்டில் இரண்டு தடவை முழுதாக வாசித்தேன். எழுதின பவுல் காவலில் கட்டுண்டு கிடந்தவர், அதனால் லேசாகச் சொல்லிவிட்டார் என்று தள்ள முடியாது. ஆனால் அதே அதிகாரத்தில், ஒன்பது வசனம் முன்னால், கனியற்ற அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள் என்றும் அவரே எழுதுகிறார். கெட்டதை நல்லது என்று பெயர் மாற்றிக் கூப்பிடச் சொல்கிறவர் அப்படி எழுதமாட்டார்.

எனக்குப் பிடி கிடைத்தது யோவான் 11-இல்தான். லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு முதலில் கண்ணீர் விட்டார். அது 35ஆம் வசனம். கல்லை எடுத்துப்போட்ட பிறகு, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார், அது 41. லாசரு செத்ததற்கு அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அதே கல்லறை வாசலில் நின்று, பிதா கேட்கிறார் என்பதற்குச் சொன்னார். ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஆறு வசனம் தூரம். எனக்குச் சில நாள் ஆறு மணி நேரம் ஆகும்.

உங்களுக்குக் கோபமே வராதா?

என் மாமியாரைக் கேளுங்கள்.

போன மே மாதம், கத்திரி. வேலூர்க்காரர்களுக்குக் கத்திரி வெயிலைப் பற்றி எழுத வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாளாகியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நீல டிரம், அதுவும் முக்கால்தான்.

அந்த வருஷம் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய ஸ்தோத்திரம் ஒன்றை எழுதி, மடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவேன். ஜனவரியில் ஆரம்பித்தது, பாட்டில் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. கொஞ்சம் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசவும் செய்திருந்தேன்.

மதியம் சாப்பிட்டுக் கண் அசந்துவிட்டேன். எழுந்து பின்பக்கம் போனால், மகன் ஸ்டூல் மேல் ஏறி டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டிருக்கிறான். சின்னவள் கீழே நின்று பாட்டிலிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டுகிறாள். என் நாலரை மாத ஸ்தோத்திரமும் கப்பலாக மிதக்கிறது. பேனா மை கரைந்து தண்ணீர் இளநீலம். "பாலாறும்மா!" என்றான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்துக்குப் போய் நின்றதே, அன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள் இல்லையா, அந்த ஆறு அவனுக்கு மட்டும் எப்போதும் தண்ணீரோடுதான் ஞாபகம்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பாய் வீட்டு அம்மா கேட்டுக்கே வந்துவிட்டார். மகன் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் சொம்பால் கப்பல்களை மொண்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தாள் மட்டும் எழுத்து அழியாமல் விரிந்தது. மார்ச் மாதத்தது. "இன்று தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் பிடித்தேன். ஸ்தோத்திரம்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். வரவில்லை. இன்னும் ஆத்திரம்தான் வந்தது. சிரித்தது மூன்று நாள் கழித்து, என் தங்கச்சியிடம் போனில் சொல்லும்போது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தனுப்பினார், அதில்தான் சோறு வடித்தேன். மறுநாள் தாளில் எழுதினது அந்த இரண்டு குடத்தைத்தான். புது பாட்டிலில் முதல் தாள்.

அப்போ கோபம் பாவம் இல்லையா?

கோபத்தில் கை நீட்டினது என் தப்பு. கோபம் வந்ததையே தப்பு என்று நான் நினைப்பதில்லை. இதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்று எல்லாரும் நினைத்திருந்த காலம். அவர் நோயாளிகளின் கைகால்களை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கிறார்கள். செருப்பில் ஆணி குத்தியிருப்பதே தெரியாமல் நாள் முழுக்க நடக்கிறார்கள். தூங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. விரல் போவது இதனால்தான். 1955-இல் ஆரம்பித்த கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்த வேலை தொடர்ந்தது. பின்னாளில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக, ஆபத்து வந்தால் எச்சரிக்கிற கருவி ஒன்று செய்து பார்த்தார்கள். சரிவரவில்லை. வலி செய்கிற வேலையை வலிதான் செய்ய முடிகிறது.

எரிச்சல் வரும்போது இப்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: புண் எங்கே? அந்த மே மாதம் என் புண் டிரம்மில் இல்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு வாரமாக ராத்திரி ஷிப்டு, மாமியாருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, லீவில் இரண்டு பிள்ளைகளும் காலை முதல் என் காலைச் சுற்றி. நான் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியே பத்து நாள் இருக்கும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல், பாட்டிலில் மட்டும் தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

குறை சொல்ல வேண்டியதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. எண்ணாகமம் 11-இல் மோசே, இந்த ஜனங்களையெல்லாம் பெற்றது நானா, பால் குடிக்கிற பிள்ளையைத் தகப்பன் சுமக்கிறதுபோல இவர்களை நான் சுமக்க வேண்டுமா, முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று நேராகவே சொல்கிறார். கர்த்தர் அவரைக் கொல்லவில்லை. எழுபது மூப்பரைத் துணைக்குக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் ஒரு வேலையும் தொடுவதில்லை. இதற்கும் நன்றி சொல்லிப் பொறுத்துப் போகணுமா?

வேண்டாம். எழுபது மூப்பரை இப்போதுதானே பார்த்தோம். யாத்திராகமம் 18-லும் இதே கதை: மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒண்டியாக உட்கார்ந்து பஞ்சாயத்து தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். மருமகனிடம் இப்படிப் பேச ஒரு மாமனார் வேண்டியிருந்தது. நமக்கு யாரும் வரவில்லை என்றால் நாமே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பேசினேன். சண்டை போட்டு அல்ல. அதாவது, முதல் தடவை சண்டைதான், இரண்டாம் தடவை பேச்சு. ராத்திரி ஷிப்டு இல்லாத வாரம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி யூனிஃபார்ம் போட்டு விடுவது இப்போது அவர் பொறுப்பு. தலை சீவுவது மட்டும் கண்றாவியாக இருக்கும். ஸ்தோத்திரம்.

"சி.எம்.சி. வாசலில் அரைமணி நேரம் நின்று பார், உனக்குக் கொடுத்திருப்பது எவ்வளவு ஆசீர்வாதம் என்று புரியும்" என்கிறார் என் நாத்தனார். உண்மைதானே?

இந்த அறிவுரையைச் சொல்லாத வீடு வேலூரில் இருக்காது. எனக்கும் என் அம்மா சொல்லியிருக்கிறார். ஆனாலும் எனக்கு இது பிடிக்காது.

காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். கையில் எக்ஸ்ரே கவர், இடுப்பில் மெலிந்த குழந்தை, வாயில் நமக்குப் புரியாத பாஷை. அந்தக் குழந்தை எனக்குப் பாடம் நடத்துவதற்காக இரண்டு நாள் ரயிலில் வரவில்லை. அதன் அம்மா என்னைப் பார்த்து, "நல்ல வேளை, நான் இவளாக இல்லை" என்று ஸ்தோத்திரம் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

வேதத்தில் இப்படி ஸ்தோத்திரம் சொன்னவன் ஒருவன் இருக்கிறான். லூக்கா 18-இல் வருகிற பரிசேயன். பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் "இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். வார்த்தை ஸ்தோத்திரம்தான். தேவாலயத்தில் நின்றுதான் சொல்கிறான். ஆனால் நீதிமானாக வீட்டுக்குப் போனது அவன் இல்லை.

சபையில் சாட்சி சொல்லும்போதும் இது நடக்கிறது. "என் மகன் பத்தாம் வகுப்பில் இத்தனை மார்க், எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொல்லிவிட்டு உட்காருகிறோம். அதே வரிசையில், மகன் கணக்கில் பெயிலான அம்மா பைபிளைப் புரட்டுகிற மாதிரி குனிந்திருக்கிறார். சொல்லக் கூடாது என்கவில்லை. மார்க்கை விட்டுவிட்டு, "பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவன் பயந்து அழுதான், கர்த்தர் தூங்கவைத்தார்" என்றால் அந்த அம்மாவும் ஆமென் சொல்ல முடியும்.

சரி, அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்தால் என்னதான் செய்வது? சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் கதை நம் ஊர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். நாடகம் போடும்போது கதவு தட்டுகிற மூன்று வேஷத்துக்குத்தான் போட்டி. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைப் பார்க்க வரச் சொல்கிறார்கள். ஐடா டாக்டர் இல்லை, டாக்டர் அவள் அப்பா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே போய்விடுகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். "நான் அவர்களாக இல்லாததற்கு ஸ்தோத்திரம்" என்று ஐடா ஊருக்குக் கப்பலேறியிருக்கலாம். கப்பலேறினாள், மருத்துவம் படித்தாள், 1900-இல் வேலூருக்கே திரும்பி வந்தாள். நாத்தனார் நிற்கச் சொல்கிற அந்த வாசல் அப்படி வந்ததுதான்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று இருக்கிறதே, ஒன்று வைத்தால் என்ன?

நீதிமொழிகள் 13:24. இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலருக்கு கொலோசெயர் 3:21 தெரிவதில்லை: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." நீதிமொழிகள் பேசுவது சிட்சையைப் பற்றி, அதாவது யோசித்துத் திருத்துவது. டிரம் பக்கத்தில் நான் செய்தது சிட்சை இல்லை. என் ஆத்திரத்தை ஒன்பது வயதுப் பையன் முதுகில் இறக்கிவைத்தேன். அதற்கு வசனம் தேடினால் வசனத்துக்குத்தான் கேவலம்.

அன்று ராத்திரி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மா" என்றான், கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமல். பெரிய காட்சியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரம் தங்கச்சியைத் தள்ளிவிட்டவன், யாரும் சொல்லாமலே போய் "சாரி" சொன்னான். அது எதனால் என்று நான் துருவவில்லை.

எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை, அக்கா. நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. பிள்ளையைப் பார்த்தாலே அழுகையாக வருகிறது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கைக்குழந்தையோடு நின்று ஒரு தங்கச்சி கேட்டது. உங்களுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லப்போவதில்லை.

எலியா ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுப்பி, சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். முதலில் தூக்கமும் சோறும். குழந்தையை அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் இப்படியே இருந்தால், தூக்கமோ பசியோ போய்விட்டால், டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய், மருந்தும் சிகிச்சையும் உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்று ஒரு தடவை நினைப்பு வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. "பாகாயத்துக்குப் போனாள்" என்று ஊர் ஒருமாதிரி பேசும், தெரியும். பேசட்டும். சுகருக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்வதில்லையே.

என் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. "நன்றி சொல்லு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல வெளியில் இருப்பவர் யாருக்கும் உரிமை இல்லை. நன்றி உங்களுக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும். அதுவரைக்கும் அந்த 13ஆம் சங்கீதம் உங்களுடையது. ஆனால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் காத்திருக்காதீர்கள். காது கேட்கிறதா என்பதிலிருந்து பரிசோதனையை உடனே ஆரம்பியுங்கள். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகவே பாகாயத்தில் நம்பிக்கை நிலையம் என்று ஒரு பிரிவு உண்டு. பெற்றோரையும் கூடவே வைத்துக்கொண்டு பயிற்சி தருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு நன்றி சொல்லப் பழக்குவது எப்படி? எத்தனை செய்தாலும் ஒரு 'தேங்க்ஸ்' கிடையாது.

இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், திரும்பி வந்தவன் ஒருவன். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டார். கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கும் அது பட்டது. ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கவில்லை. ஆகையால் "தேங்க்ஸ் சொன்னால்தான் தோசை" என்பதை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம்.

பதிலாக ஒரு காரியம் செய்து பார்த்தோம். பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கவர் வைப்போம் இல்லையா, அதில் காரணம் எழுதுகிற வரியை நாங்கள்தான் எப்போதும் "பிறந்தநாள் ஸ்தோத்திரம்" என்று நிரப்புவோம். இந்த வருஷம் மகனையே எழுதச் சொன்னேன். எழுதினான், ஒட்டினான், உண்டியல் பையில் போட்டான். எங்கள் சபையில் காணிக்கைக் கவர்களை ஆராதனையில் வாசிப்பார்கள். ஆயர் வாசித்துக்கொண்டே வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, இன்னொரு தடவை பார்த்து, வாசித்தார்: "கணக்கு டீச்சர் ஒரு வாரம் லீவு போட்டதற்காக ஸ்தோத்திரம், ஐம்பது ரூபாய்." கோயில் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் இன்னொரு டீச்சரம்மா சிரிக்கவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யோசித்தால், அன்று வாசித்த எல்லாக் கவர்களிலும் உண்மையான காரணம் அவனுடையதுதான் என்று தோன்றியது. அதைத் திருத்தவில்லை. டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னேன். காய்ச்சலாம். அந்த ராத்திரி அவருக்காகவும் ஜெபித்தான். சீக்கிரம் சுகமாக வேண்டும் என்றுதான் ஜெபித்தான் என்று நம்புகிறேன்.

பதினாலு வயது மகன் முழு நேரமும் போனில். நான் கேட்டால் எரிந்து விழுகிறான். இவனுக்காக எதைச் சொல்லி நன்றி சொல்வது?

எனக்கு அந்த வயதுப் பிள்ளை இன்னும் வரவில்லை, அதனால் பெரிய பேச்சு பேசமாட்டேன். மரியாளின் மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மூன்று நாள் காணோம். கண்டுபிடித்ததும், "மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்? இதோ, உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்றாள். அவர் சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை என்றே லூக்கா எழுதுகிறார். புரியாமலே அந்தச் சங்கதிகளையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டாள். உங்கள் மகன் ராத்திரி பதினோரு மணிக்கு "சாப்பிட என்னம்மா இருக்கு" என்று வந்து நிற்பான் இல்லையா, அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது போனைப் பற்றிப் பேச வேண்டாம். பகலில் பேசுங்கள், நேரக் கட்டுப்பாடு வையுங்கள், நீங்களும் அதே நேரத்தில் உங்கள் போனைக் கீழே வையுங்கள். கடைசிதான் கஷ்டம்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் சபைக்குப் போகிறவள். குடும்ப ஜெபமெல்லாம் இல்லை.

காலண்டர் தாளுக்குக் குடும்ப ஜெபம் தேவையில்லை. வீட்டுக்காரர் செய்த ஒரு நல்ல காரியத்தைக் கர்த்தரிடம் சொல்வதோடு, அவரிடமும் சொல்லிவிடுங்கள். வேதம் வாசிக்காதவருக்கும் அது புரியும்.

ராத்திரி ஜெபத்தில் என் பிள்ளை ஸ்தோத்திரத்தை இழுத்துக்கொண்டே போகிறாள். நிறுத்தலாமா?

என் மகன் மூன்று நொடியில் முடிப்பான்: "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் ஆமென்." அம்மாவின் பிள்ளை. சின்னவள் அப்படி இல்லை. லைட்டை அணைத்தால் தூங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஆமென் சொன்னால் லைட்டை அணைப்போம் என்றும் தெரியும்.

"ஃபேனுக்கு ஸ்தோத்திரம். கொசுவலைக்கு ஸ்தோத்திரம். ஆயா பல்செட்டுக்கு ஸ்தோத்திரம். பல்லிக்கு ஸ்தோத்திரம்."

"எந்தப் பல்லி?"

"டியூப்லைட் பின்னாடி ஒளிஞ்சிருக்குதே, அந்தப் பல்லி. அதோட வாலுக்கு ஸ்தோத்திரம்."

மணி பத்தேகால். காலையில் ஐந்துக்கு எழ வேண்டும். நன்றியுள்ள இருதயத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேசின அதே வாரம்தான், ஒரு பிள்ளை நன்றி சொல்வதைத் தாங்க முடியாமல் நானே சத்தமாக "ஆமென்" போட்டேன். "இன்னும் முடியல" என்று மறுபடியும் ஃபேனிலிருந்து ஆரம்பித்தாள்.

இப்போது பத்து என்று கணக்கு வைத்திருக்கிறோம். விரல்விட்டு எண்ண வேண்டும், பத்து முடிந்ததும் ஆமென். நேற்று பத்தாவது விரலையும் மடக்கினாள். நான் ஸ்விட்சில் கை வைத்தேன். போர்வைக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டினாள்.

"இதுலயும் பத்து இருக்கும்மா."